நாலு ரூமுக்கும் வேல்விழி பேர்

எங்கள் கம்பெனியில் இன்றைக்கு யாரைக் கேட்டாலும் வேல்விழியைப் பற்றி ஒரே ஒரு சேதிதான் சொல்வார்கள். "ஹோல்டு போட்ட சரக்கை ஓகேன்னு மாத்தி வண்டி ஏத்திவுட்ட பொண்ணு." போன மாதம் சேர்ந்த பயல்கூட, அவள் முகத்தையே பார்த்திராதவன், டீயை உறிஞ்சிக்கொண்டே இதைச் சொல்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நேற்று ஒருத்தனை அடிக்கவே கை ஓங்கிவிட்டேன். அடித்து என்ன பிரயோஜனம்? நடந்ததை நடந்தபடி ஒருதரம் சொல்லிவிடுகிறேன், அப்புறம் உங்கள் பாடு.

நான் மாரி. வடக்குப்பட்டுக்காரன். ஸ்டோர்ஸில் கிளார்க். ஒரகடம் ரோட்டில் கம்பெனி வந்தபோது எங்கள் நிலமும் அதில் போனது, அதற்குப் பதிலாகக் கிடைத்த வேலை இது. பிரேக் பெடலைத் தாங்கிப் பிடிக்கிற பிராக்கெட்டை வெல்டிங் செய்து கார் கம்பெனிக்கு அனுப்புகிறோம். பார்க்க ஒரு வளைந்த இரும்புத் துண்டு, அவ்வளவுதான். ஆனால் வெல்டு விட்டுப்போனால் பிரேக் மிதிக்கிறவன் கதி என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

வேல்விழி 2002இல் வந்தாள். கோவில்பட்டிக்குப் பக்கம் ஏதோ ஒரு கிராமம். பிளஸ் டூ, டைப்ரைட்டிங்கில் ஹையர். தெற்கிலிருந்து வருகிற எல்லாப் பெண்களையும் போல ஸ்ரீபெரும்புதூர் ஹாஸ்டலில் தங்கி, கம்பெனி பஸ்ஸில் வந்து, லைனில் கேஜ் வைத்துப் பிராக்கெட்டின் அளவைச் சோதித்துக்கொண்டிருந்தாள். ஒல்லி உடம்பு, பெரிய குரல். மிஷின் சத்தத்தையும் மீறி, "வெல்டரண்ணே, இது ஓட்ட விழுந்திருக்கு, திரும்ப வாங்கிக்கோங்க!" என்று அவள் கத்துவது ஸ்டோர்ஸ் வரைக்கும் கேட்கும்.

பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவள் அவள். தீப்பெட்டி செய்கிற இடத்தை அவர்கள் ஊரில் ஆபீஸ் என்றுதான் சொல்கிறார்கள். விடியுமுன் வண்டி வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகுமாம். கட்டையில் குச்சி அடுக்கி அடுக்கி அவள் விரல் நுனியெல்லாம் காய்த்துப்போயிருந்தது. "மாரி அண்ணே, என்ன வேல சொன்னாலும் செய்வேன். தீப்பெட்டி ஆபீசுக்கு மட்டும் திரும்பப் போவ மாட்டேன்" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள், ஆனால் அது விளையாட்டுப் பேச்சு இல்லை.

அதற்கு ஒரே வழி கன்ஃபர்மேஷன். எங்கள் கம்பெனியில் எல்லோரையும் முதலில் ட்ரெயினி என்றுதான் எடுப்பார்கள். இரண்டு வருஷம் போட்டு வாட்டி எடுத்துவிட்டு, அது முடிகிறபோது "நன்றி, போய் வா" என்று அனுப்பிவிடுவார்கள். பத்துப் பேரில் ஒருத்தர் நிரந்தரமானால் அதிசயம். வேல்விழி ஆகிவிடுவாள் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். காரணம், கம்ப்யூட்டர்.

அப்போது கம்பெனியில் ஓடிக்கொண்டிருந்ததெல்லாம் திருட்டு காப்பி சாஃப்ட்வேர். எங்கேயோ ரெய்டு வந்ததாம், ஹெட் ஆபீசில் நடுங்கிப்போனார்கள். ஒரே வாரத்தில் சென்னையிலிருந்து ஒரு பையன் வந்து எல்லாவற்றையும் வழித்துவிட்டு லினக்ஸ் போட்டான். குவாலிட்டி ஆபீசுக்கு ஒரே கம்ப்யூட்டர், அதை உபயோகிக்க நாலு பேர். இன்ஸ்பெக்ஷனுக்கு வேல்விழி. ஸ்டோர்ஸுக்கு நான். டிஸ்பாட்சுக்குப் பேச்சிராஜ், அவனும் தெற்கத்தி ஆள்தான். நாலாவது குவாலிட்டி இன்ஜினியர் ரகுநந்தன். ஸ்ரீபெரும்புதூர்க்காரர், கோயில் கைங்கரியக் குடும்பம், நெற்றியில் ஸ்ரீசூர்ணம் இல்லாமல் ஒருநாள் வரமாட்டார்.

வந்த பையன் அவசரத்தில் இருந்தான். "யூசர் பேர் இன்னா போடறது?" என்று கேட்டான். பக்கத்தில் நின்றிருந்தவள் வேல்விழி. அவள் பேரையே அடித்துவிட்டான். நாலு பேருக்கும் நாலு பேர் போட்டுத் தரச் சொல்லி அவள்தான் கேட்டாள். ரகுநந்தன் கையை ஆட்டினார். "எதுக்கும்மா? ஒவ்வொருத்தரும் வந்து மூடி, திறந்து, பாஸ்வேர்டு போட்டு... டைம் வேஸ்ட். ஒண்ணே போறும்." சரியென்று ஒன்றோடு நின்றது. பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதி மானிட்டரிலேயே ஒட்டிவைத்தோம்.

அந்த லினக்ஸில் ஒரு விசேஷம். கீழே மூலையில் நாலு சின்னக் கட்டம். ஒவ்வொரு கட்டத்தைத் தட்டினால் ஒவ்வொரு டெஸ்க்டாப் வரும். ஒன்றில் திறந்துவைத்த ஃபைல் இன்னொன்றில் தெரியாது, ஆனால் அங்கேயே திறந்தபடி இருக்கும். எங்களில் யாருக்கும் அது புரியவில்லை. வேல்விழிதான் ஒரு மத்தியானம் உட்கார்ந்து நோண்டிப் பிடித்தாள். நாலு கட்டத்துக்கும் எங்கள் பேரை வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு படம். அவளுக்குக் குற்றால அருவி, ரகுநந்தனுக்குக் கோபுரம், பேச்சிராஜுக்கு மோட்டார் பைக், எனக்குச் செம்பரம்பாக்கம் ஏரி. ஆள் மாறினால் கம்ப்யூட்டரை மூட வேண்டாம், அவரவர் கட்டத்தைத் தட்டினால் அவரவர் வேலை விட்ட இடத்தில் அப்படியே நிற்கும்.

பேச்சிராஜ்தான் அதற்கு ரூம் என்று பேர் வைத்தான். "எங்க லாட்ஜ்ல ஒரே பாயில ஷிப்டு ஷிப்டா மாத்தி மாத்திப் படுக்கோம். இங்க பாரு, ஆளுக்கொரு ரூமு. பெரிய மனுசன் ஆயிட்டோம்ல!" என்றான். அதற்கப்புறம் எங்களுக்கு அது ரூம்தான். ஒருத்தர் ரூமில் இன்னொருத்தர் நுழையக் கூடாது என்று எழுதாத சட்டம். நான் கை தவறிக் குற்றால அருவியைத் தட்டிவிட்டால், "அண்ணே, கதவத் தட்டிட்டு வரமாட்டீங்களா?" என்று பின்னாலிருந்து குரல் வரும்.

ரகுநந்தன்தான் படாத பாடு பட்டார். பழைய பழக்கத்தில் விண்டோவைப் பெரிதாக்கலாம் என்று மேல்பட்டையை இரண்டு தட்டு தட்டுவார். இது அந்த ஜாதி இல்லை. தட்டினால் பாயைச் சுருட்டுகிற மாதிரி விண்டோ மேலே சுருண்டு, வெறும் பட்டை மட்டும் நிற்கும். உடனே அலறுவார். "வேல்விழி! ஷீட்டு போயிடுத்து! ரெண்டு நாள் வேலை போச்சு!" அவள் லைனிலிருந்து ஓடி வருவாள். அதே பட்டையில் இரண்டு தட்டு தட்டி விரித்துக் கொடுத்துவிட்டுப் போவாள். சில சமயம் சுருண்டுகூட இருக்காது, மனுஷன் பேச்சிராஜ் ரூமில் நின்றுகொண்டு தன் ஃபைலைத் தேடிக்கொண்டிருப்பார். ஆபீசே சிரிக்கும். நானும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன்.

இதெல்லாவற்றிலும் முக்கியமானது ஹோல்டு ஷீட். எந்த லாட்டில், அதாவது ஒருசேரச் செய்த சரக்கில், சந்தேகம் இருக்கிறதோ அதற்கு நேராக வேல்விழி 'ஹோல்டு' என்று அடிப்பாள். மறுபடி சோதித்து நன்றாக இருந்தால்தான் 'ஓகே'. பேச்சிராஜ் அதைப் பார்த்துத்தான் வண்டியில் ஏற்றுவான். ரூம் ரூமாகப் பிரிந்த பிறகு அது அவள் ரூமில் மாட்டிக்கொண்டது. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். விண்டோவின் மேல் மூலையில் குண்டூசி மாதிரி ஒரு பட்டன். அதைக் குத்தினால் அந்த ஒரே ஷீட் நாலு ரூமிலும் தெரியும். யார் எந்த ரூமில் இருந்தாலும் ஹோல்டு கண்ணில் படாமல் போகாது.

"குண்டூசியப் புடுங்கிராதீங்க. எந்த ரூம்ல நின்னு புடுங்குதீகளோ அந்த ரூம்ல மட்டும் ஷீட்டு தங்கிரும். மத்தவுகளுக்குத் தெரியாது" என்று எங்கள் மூன்று பேருக்கும் அவளே காட்டிக் கொடுத்தாள். ரகுநந்தனுக்குத் தனியாக இன்னொரு தரமும் காட்டினாள், அவர்தான் எதையும் தொலைக்கிற ஆளாச்சே என்று. அவர் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு, "ஓ... எங்க நிக்கறோமோ அங்கதான் தங்குமா?" என்று கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

2004 மார்ச். அவளுடைய இரண்டு வருஷம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். பேர் மேலே போயிருக்கிறது, அநேகமாகக் கன்ஃபர்ம் என்று ரகுநந்தனே சொல்லியிருந்தார். அந்தச் சமயம் பார்த்து ஒரு லாட்டில் வெல்டு சரியில்லை. வேல்விழி ஹோல்டு போட்டாள். கார் கம்பெனியிலிருந்தோ போனுக்கு மேல் போன், சரக்கு எங்கே, லைன் நிற்கப் போகிறது என்று. மாசக் கடைசி வேறு. பிளான்ட் மேனேஜர் தாண்டவராயன் ரகுநந்தனைப் பிடித்துக் காய்ச்சி எடுத்தார். சாயங்காலம் பேச்சிராஜ் தன் ரூமைத் திறந்தபோது அந்த லாட்டுக்கு நேரே 'ஓகே' என்று இருந்தது. ஏற்றி அனுப்பிவிட்டான். அவன் மேல் தப்பில்லை, ஷீட்டில் இருப்பதுதானே அவனுக்கு வேதம்!

நல்லவேளை, கார் ரோட்டுக்குப் போகவில்லை. அவர்கள் லைனில் மாட்டும்போதே பிராக்கெட் பிய்ந்து கையோடு வந்துவிட்டது. மொத்த லாட்டும் திரும்பி வந்தது. கூடவே கார் கம்பெனியிலிருந்து ஒரு பெரிய மனுஷர் வருகிறார், யார் ஓகே பண்ணினது என்று காட்ட வேண்டும் என்றார்கள்.

அவர் வருகிற அன்றைக்கு மத்தியானம் எல்லோரும் கேன்டீனில் இருந்தோம். நான் சாவியை மறந்துவிட்டு ஆபீசுக்குத் திரும்பினேன். கம்ப்யூட்டர் முன்னால் ரகுநந்தன் மட்டும் உட்கார்ந்திருந்தார். திரையில் குற்றால அருவி. இந்த ஆள் மறுபடி ரூம் தவறி அலைகிறார் என்று எனக்குள் சிரித்துக்கொண்டு சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

பெரிய மனுஷர் வந்தார். தாண்டவராயன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார், நாங்கள் நாலு பேரும் பின்னால் நின்றோம். ஒவ்வொரு கட்டமாகத் தட்டினார். கோபுரம், ஷீட் இல்லை. மோட்டார் பைக், இல்லை. ஏரி, இல்லை. குற்றாலத்தைத் தட்டினார். அருவிக்கு நடுவில் ஹோல்டு ஷீட் மட்டும் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. வேல்விழி முன்னால் வந்தாள்.

"சார், இதுல குண்டூசி குத்திருந்துச்சு சார். நாலு ரூம்லயும் தெரியும். யாரோ புடுங்கிருக்காவ" என்றாள்.

"குண்டூசியா?" என்றார் தாண்டவராயன்.

பாவி மகள், அவருக்குப் புரியவைக்கத் தானே குனிந்து பட்டனைக் குத்தினாள். ஒவ்வொரு ரூமாகத் தட்டிக் காட்டினாள். கோபுரத்தின் மேல் ஷீட் வந்தது, பைக்கின் மேல் வந்தது, ஏரியின் மேல் வந்தது. "பாருங்க சார். இப்போ எல்லா ரூம்லயும் இருக்கு. இப்போ புடுங்குதேன், பாருங்க, இங்க மட்டும்தான் இருக்கும்." மூச்சு வாங்கச் செய்து காட்டினாள். தாண்டவராயன் நாற்காலியில் சாய்ந்தார்.

"அப்போ இதை எங்க வேணும்னாலும் வைக்கலாம், எங்கேருந்து வேணும்னாலும் மறைக்கலாம். இவ்வளவு வித்தையும் உனக்குத்தான் தெரியும்" என்றார்.

அவள் திரும்பி ரகுநந்தனைப் பார்த்தாள். "சார், உங்களுக்கும் சொல்லிக் குடுத்தேன்லா?"

அந்த மனுஷன் கூசாமல் சிரித்தார். "எனக்கு இந்த லினக்ஸ் எங்க சார் தெரியும்? மேல ரெண்டு தட்டு தட்டினா ஷீட்டே காணாமப் போயிடறது. தெனம் இவளைத்தான் கூப்பிடறேன். வேணும்னா மாரியைக் கேளுங்கோ."

என்னைக் கேட்டார்கள். அவர் தினமும் அலறுவது உண்மைதானே, இல்லை என்று எப்படிச் சொல்வது? ஆனால் விடவில்லை. "சார், மத்தியானம் இவருதான் இங்க குந்திகினு இருந்தாரு. குத்தாலம் படம் தெரிஞ்சுது. நான் கண்ணால பார்த்தேன்" என்றேன்.

"நானும் ஷீட்டைத் தேடிண்டுதான் இருந்தேன், மாரி. அவ ரூம்லதானே இருந்தது" என்றார் ரகுநந்தன். வந்திருந்த பெரிய மனுஷர்கூடச் சிரித்துவிட்டார்.

அப்புறம் தாண்டவராயன் ஃபைல் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தார். கடைசியாக மாற்றியவர் என்ற இடத்தில் வேல்விழி என்று இருந்தது, பக்கத்தில் மாற்றிய நேரமும். பின்னே என்ன இருக்கும்? நான் அடித்தாலும் வேல்விழி, பேச்சிராஜ் அடித்தாலும் வேல்விழி. "அந்த நேரத்துல நான் லைன்ல நின்னேன் சார். பாஸ்வேர்டு இந்தா ஒட்டிருக்கு பாருங்க, எல்லாருக்கும் தெரியும்" என்று அவள் கத்தினாள். "அதை யாரு ஒட்டச் சொன்னா? உன் பேரு, உன் பொறுப்பு" என்று முடித்துவிட்டார்கள்.

நான் ஆத்திரத்தில் மேஜையைத் தட்டி வாய்க்கு வந்தபடி பேசினேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நிலம் கொடுத்தவன், ஊர்க்காரன், என் மேல் கை வைத்தால் நாளைக்கு கேட்டில் ஊரே வந்து நிற்கும். லோக்கல் ஆள் கத்தினால் டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைப்பார்கள். தெற்கத்திப் பெண் கத்தினால் பஸ் ஏற்றிவிடுவார்கள். ட்ரெயினிங் காலம் முடிந்தது, நீட்டிக்கவில்லை என்று இரண்டு வரியில் கையில் கொடுத்துவிட்டார்கள்.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்கு நானும் பேச்சிராஜும் போனோம். ஒரு சூட்கேஸ், ஒரு பிளாஸ்டிக் வாளி. காலை ஷிப்டு கம்பெனி பஸ்கள் ஒவ்வொன்றாக எதிரில் வந்து ஆள் ஏற்றிக்கொண்டிருந்தன. அவள் கூட வேலை செய்த பெண்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள், ஒருத்தி கை ஆட்டினாள். வேல்விழி அதுவரை அழவில்லை, அப்போதுதான் அழுதாள். "எல்லாருக்கும் தெரியணும்னுதானண்ணே குத்துனேன். என் ரூம்லயே வச்சிருந்தா எவன் தொட்டிருப்பான்?" என்றாள். பேச்சிராஜ் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். கோயம்பேடு பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள்.

அவள் பேரைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுக்க ரகுநந்தன் அடுத்த வாரமே முயற்சி செய்தார். முடியவில்லை. பேரை எடுக்கவோ புதிதாகச் சேர்க்கவோ அது வேறொரு பாஸ்வேர்டு கேட்டது. அது லினக்ஸ் போட்ட சென்னைப் பையனுக்குத்தான் தெரியும். அவன் போன் வேலை செய்யவில்லை. "ஓடறது ஓடட்டும்" என்று விட்டுவிட்டார்கள். அவள் இடத்துக்கு வந்த ட்ரெயினியும் வேல்விழி என்று அடித்துத்தான் உள்ளே போனான். குற்றாலத்தை மட்டும் எடுத்துவிட்டு ஏதோ ரோஜாப்பூ வைத்துக்கொண்டான்.

போன வருஷம் மறுபடி ஒரு லாட் திரும்பி வந்தது. அதே கதை, ஹோல்டு போட்டது ஓகே ஆகிப் போயிருக்கிறது. தாண்டவராயன் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தார். மாற்றியவர் வேல்விழி. தேதி, அவள் பஸ் ஏறி ஒரு வருஷத்துக்கு அப்புறம். நான் பக்கத்திலேயே நின்றேன். "கோவில்பட்டிலர்ந்து வந்து மாத்திட்டுப் போனாளா சார்? இப்பவாச்சும் புரியுதா?" என்று கேட்டேன். அவர் திரையைப் பார்த்தார். ரகுநந்தனைப் பார்க்கவில்லை. ஃபைலை மூடினார். "பழசைக் கிளறாத, மாரி. போய் வேலையைப் பாரு" என்றார். ரகுநந்தன் இப்போது சீனியர் இன்ஜினியர்.

தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பிய பேச்சிராஜிடம், இதையெல்லாம் அவளிடம் சொல்லு, வேலையைத் திரும்பக் கேட்டுப் பார்க்கலாம் என்று சொல்லு என்றேன். அவள் வீட்டைத் தேடிப் போயிருக்கிறான். வீட்டில் இல்லை. தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தாளாம். கையெல்லாம் தீக்குச்சி மருந்து. இவன் சொன்னதைக் கேட்டுவிட்டு, நிமிராமலே, "வேலையெல்லாம் வேண்டாம்ண்ணே. அந்த ரூம்லருந்து என் பேர மட்டும் எடுக்கச் சொல்லுங்க" என்றாளாம்.

நான் போய்க் கேட்டேன். ரகுநந்தனிடம் கேட்டேன், தாண்டவராயனிடமும் கேட்டேன். "ஒரு பேரை எடுக்க மெட்ராஸ்லேருந்து ஆள் கூப்பிடணுமா? நல்லாத்தானே ஓடுது" என்றார்கள். அப்புறமும் இரண்டு தரம் கேட்டேன். இப்போது நான் அந்தப் பக்கம் போனாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

பெண்ணைக் கன்ஃபர்ம் பண்ணவில்லை, பேரைக் கன்ஃபர்ம் பண்ணிக்கொண்டார்கள், பாவிகள். இங்கே நடக்கிற ஒவ்வொரு திருட்டுத்தனமும் அவள் செய்ததாகத்தான் பதிவாகிறது. இன்றைக்குக் காலையில் கரண்ட் போய் வந்தது. கம்ப்யூட்டர் பேர் கேட்டது. ஆபீசில் அப்போது நான் மட்டும்தான் இருந்தேன். வேல்விழி என்று அடித்து நானேதான் திறந்தேன்.